மெல்பர்ன் ஸ்டட்லி பார்க் படகு இல்லம்: போகும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எங்கே இருக்கிறது? உள்ளே போகப் பணம் கட்ட வேண்டுமா?

மெல்பர்ன் நகர மையத்திலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி, கியூ என்ற புறநகரில், யாரா ஆறு வளைந்து போகும் இடத்தில் இருக்கிறது. 1863-ல் தொடங்கிய இடம். மெல்பர்னில் இன்றும் பொதுமக்களுக்குப் படகு வாடகைக்குக் கொடுக்கும் படகு இல்லங்களில் இதுவே பழையது. சுற்றிலும் இருப்பது யாரா பெண்ட் பூங்கா, ஏறத்தாழ 260 ஹெக்டேர். ஆனாலும் கத்தரித்துவிட்ட பூங்கா இல்லை, யூகலிப்டஸ் காடுதான்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. உறுப்பினராகச் சேரத் தேவையில்லை. படகுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் காசு. ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாலும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

ஆண்டு முழுவதும் படகு கிடைக்குமா?

இடம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். படகு கிடைக்குமா என்பதை ஆறு சொல்லும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஏமாந்து திரும்புவது பெரும்பாலும் இந்த வேறுபாடு தெரியாததால்தான். காலையில் எழுந்து வானத்தைப் பார்க்கிறார்கள், வெயில் பளிச்சென்று அடிக்கிறது, வீட்டோடு கிளம்பி வருகிறார்கள். வந்து பார்த்தால் படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கின்றன. முந்தாநாள் மலையில் பெய்த மழை இன்றைக்குத்தான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

யாரா 242 கிலோமீட்டர் ஓடும் ஆறு. கிழக்கே யாரா மலைத்தொடரில் பிறந்து, வார்பர்ட்டன், ஹீல்ஸ்வில், வாரண்டைட் பக்கமாக வருகிறது. படகு இல்லத்துக்கு வந்து சேரும் வெள்ளம் இரண்டு வகை. ஒன்று, நகருக்குள்ளேயே பெய்யும் மழை. டாரபின் ஓடை போன்ற கிளை ஓடைகள் தார்ச்சாலை, கூரை, வாகன நிறுத்துமிடம் எல்லாவற்றிலிருந்தும் வரும் நீரை அள்ளிக்கொண்டு சில மணி நேரத்தில் ஆற்றில் கொட்டும். இது சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். மற்றது மேல்மலை மழை. மெதுவாக வரும், வந்தால் நாள்கணக்கில் நிற்கும். இந்த இரண்டாவதுதான் சனி ஞாயிறு திட்டத்தைக் கெடுப்பது. காரணம், நீங்கள் இருக்கும் இடத்தில் மழையே பெய்திருக்காது.

அதனால் கிளம்பும் முன் பார்க்க வேண்டியது இன்றைய வானிலையை மட்டும் அல்ல, கடந்த மூன்று நாள் மழையை. ஆஸ்திரேலிய வானிலை நிலையத்தின் தளத்தில் யாரா ஆற்றின் நீர்மட்டம் இடம் வாரியாக இருக்கும். மேலே உள்ள இடங்களில் மட்டம் ஏறிக்கொண்டிருந்தால் படகு இல்லத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எந்த மாதம் நல்லது?

பருவங்கள் இங்கே தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். எங்களைக் கேட்டால் மார்ச், ஏப்ரல். பகல் இதமாக இருக்கும், ஆறு பொதுவாக அமைதியாக இருக்கும், பள்ளி திறந்திருக்கும் நாட்களில் கூட்டமும் குறைவு. செப்டம்பர், அக்டோபரில் கரையெல்லாம் வாட்டில் மரப் பூக்களின் மஞ்சளும் புதுத் தளிருமாக அழகுதான், ஆனால் ஆறு அடிக்கடி பெருகுவதும் அப்போதுதான். 2022 அக்டோபரில் விக்டோரியா மாநிலம் முழுக்க வெள்ளம் வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட நாளில் வருவதானால் காலை பத்து மணிக்குள் படகை முடித்துக்கொள்ளுங்கள். கடும் தீ அபாய நாட்களில் பூங்காவையே மூடவும் வாய்ப்புண்டு.

குளிர்காலத்தை ஒதுக்கிவிடாதீர்கள். பகல் வெப்பம் 14, 15 டிகிரி. காற்றில்லாத வார நாளில் ஆற்றில் உங்கள் படகு மட்டும்தான் இருக்கும். ஜூனில் மாலை ஐந்து மணி தாண்டியதும் இருட்டிவிடும், பள்ளத்தாக்கு என்பதால் அதற்கும் முன்னமே நிழல் விழுந்துவிடும். கடைசிப் படகும் சீக்கிரமே புறப்பட்டுவிடும். மதியம் இரண்டு மணிக்குள் வந்துவிடுங்கள்.

ஆறு ஏன் ஏரி மாதிரி அமைதியாக இருக்கிறது?

கீழே, மெர்ரி ஓடை வந்து சேரும் இடத்தில், டைட்ஸ் அருவி என்று ஒரு தடுப்பணை இருக்கிறது. பெயர்தான் அருவி. எரிமலைப் பாறைத் திட்டு ஒன்று ஆற்றின் குறுக்கே இயற்கையாகவே கிடந்தது. அதன்மேல் 1840-களை ஒட்டி ஜான் டைட் என்பவர் மாவு ஆலைக்கு நீர்விசை வேண்டி அணை கட்டினார். ஆலை போய்விட்டது, அணை நின்றுவிட்டது. பழுதாகிப் பின்னர் புதிதாகக் கட்டியபோது, மீன்கள் மேலேறிப் போக ஒரு பாதையும் சேர்த்தார்கள்.

அந்த அணை தேக்கிவைக்கும் நீர்தான் படகு இல்லத்தின் முன்னால் நிற்பது. படகு வலிக்கத் தெரியாதவர்களுக்கும் இங்கே படகு கொடுக்க முடிகிறதென்றால் அதனால்தான். ஆபத்தும் அதே அணையில் இருக்கிறது. அணையைத் தாண்டி விழும் நீர் கீழே உருண்டு சுழலும். உள்ளே மாட்டினால் உயிர்காப்பு உடுப்பு போட்டவரையும் வெளியே விடாது. கீழ்ப்பக்கம் எதுவரை போகலாம் என்று படகு கொடுப்பவர்கள் சொல்வார்கள். அந்த எல்லையை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

துடுப்புப் படகா, கனூவா, கயாக்கா? எதை எடுப்பது?

சிறு குழந்தைகள், வயதானவர்கள், முதல்முறை வருபவர்கள் என்றால் துடுப்புப் படகு. அகலமானது, எளிதில் கவிழாது, உட்காரும் பலகை நாற்காலி உயரத்துக்கு அருகில் இருக்கும். ஒருவர் வலித்தால் மற்றவர்கள் சும்மா வரலாம்.

கனூ நீண்டு ஒடுங்கியது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், ஆளுக்கு ஒற்றைத் துடுப்பு. முன்னால் இருப்பவர் வேகம் கொடுக்கிறார், பின்னால் இருப்பவர் திசை பிடிக்கிறார். கணவன் மனைவி சண்டை அதிகம் கேட்பது கனூவில்தான். காரணம் எளிது: இருவரும் திசை பிடிக்கப் பார்ப்பார்கள். கனமானவர் பின்னால் உட்காருங்கள். முன்னால் இருப்பவர் எந்தப் பக்கம் போடுகிறாரோ அதற்கு எதிர்ப்பக்கம் பின்னால் இருப்பவர் போட வேண்டும். இது புரிந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

கயாக்கில் இருபுறமும் அலகு (நீரைத் தள்ளும் தட்டையான முனை) உள்ள துடுப்பு. கற்பது எளிது, தொடையிலிருந்து கீழே நனைவது நிச்சயம். குளிர்காலத்தில் இதை எடுப்பவர்கள் மாற்று உடையோடு வரவேண்டும்.

துடுப்புப் படகு வலித்ததே இல்லை. எப்படி வலிப்பது?

ஏறுவதிலிருந்து தொடங்குவோம். ஒரு ஆள் மேடையில் நின்று படகின் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏறுபவர் குனிந்து, காலைப் படகின் நடுக்கோட்டில் வைத்து, உடனே உட்கார வேண்டும். விளிம்பில் கால் வைத்தால் படகு சாயும், மேடைக்கும் படகுக்கும் நடுவே விழுவது அப்படித்தான். விரல்களை மேடைக்கும் படகு விளிம்புக்கும் நடுவே கொடுக்காதீர்கள்.

வலிப்பவர் நடுப்பலகையில், படகின் பின்பக்கத்தைப் பார்த்து உட்காருகிறார். அதாவது போகும் திசைக்கு முதுகு காட்டி. முதல்முறை வருபவர்களில் பலர் திரும்பி உட்கார்ந்து, துடுப்பைத் தள்ளித் தள்ளிக் களைத்துப்போகிறார்கள். கூட வருபவர்கள் பின்பலகையில் உட்கார்ந்தால் அவர்களே வழியும் சொல்லலாம். மூவர் என்றால் இருவர் பின்னால், ஒருவர் முன்னால். எல்லோரும் பின்னால் குவிந்தால் மூக்குத் தூக்கிக்கொண்டு படகு நேராகப் போகாது. முன்னால் பாரம் கூடினால் திருப்பவே முடியாது.

துடுப்பில் கைப்பிடியிலிருந்து சற்றுத் தள்ளி தோல் அல்லது பிளாஸ்டிக் சுற்று ஒன்று இருக்கும், அதில் ஒரு வளையம் புடைத்து நிற்கும். அந்த வளையம், படகின் விளிம்பில் துடுப்பைத் தாங்கும் உலோகக் கவட்டையின் உட்பக்கம், உங்கள் பக்கம், இருக்க வேண்டும். வெளியே போய்விட்டால் துடுப்பு நழுவி நழுவி வெளியே போகும், இழுக்கும் பலம் எல்லாம் வீண். ‘துடுப்பு சரியில்லை’ என்று வரும் புகார்களில் நிறைய இந்த வளையம் இடம் மாறியதால் வருபவை.

இனி வலிப்பது. கால்களை எதிரே உள்ள கட்டையில் ஊன்றுங்கள். கைகளை நீட்டி முன்னால் சாய்ந்து, அலகைச் செங்குத்தாக வைத்து, அது மூழ்கும் அளவுக்கு மட்டும் நீரில் இறக்குங்கள். முதுகைப் பின்னால் சாய்த்து இழுங்கள், கை கடைசியில்தான் மடங்க வேண்டும். கைப்பிடி மார்புக்கு வந்ததும் அதைச் சற்றுக் கீழே அழுத்துங்கள், அலகு தானாக மேலே வரும். மறுபடி நீட்டுங்கள். வெறும் புஜத்தால் இழுப்பவர் பத்து நிமிடத்தில் சோர்ந்துவிடுவார். முதுகும் காலும் சேர்ந்தால் ஒரு மணி நேரம் தாங்கும்.

திரும்ப: ஒரு துடுப்பை இழுங்கள், மற்றதைத் தள்ளுங்கள். படகு நின்ற இடத்திலேயே சுழலும். நிறுத்த: இரண்டு அலகையும் நீருக்குள் செங்குத்தாக வைத்து இறுக்கிப் பிடியுங்கள்.

படகு ஏன் ஒரு பக்கமாகவே இழுக்கிறது? துடுப்பு ஏன் மாட்டிக்கொள்கிறது?

வலக்கைக்காரர்களுக்கு வலக்கையின் இழுப்பு கூடுதல், அவ்வளவுதான். அடிக்கடி தலையைத் திருப்பி முன்னால் பார்ப்பது இதை இன்னும் கெடுக்கும். அதற்குப் பதிலாக, பின்னால் கரையில் ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு, படகின் பின்முனை அதை நோக்கியே இருக்கும்படி வலியுங்கள். ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தால் போதும்.

துடுப்பு மாட்டிக்கொள்வது, அலகு சாய்வாக நீரில் இறங்குவதால். சாய்ந்த அலகை நீர் கீழே இழுத்துக்கொள்ளும், கைப்பிடி திடீரென்று மார்பில் வந்து இடிக்கும். அப்போது மல்லுக்கட்டாதீர்கள். பிடியைத் தளர்த்தி, படகு நிற்கும் வரை பொறுத்து, பிறகு எடுங்கள். இதற்கு நேர்மாறானது, அலகு நீரைத் தொடாமல் காற்றைக் கிழித்து, வலிப்பவர் மல்லாந்து விழுவது. அலகு இறங்கியதை உணர்ந்த பிறகு இழுத்தால் இது நடக்காது.

எந்தப் பக்கமாகப் போக வேண்டும், எவ்வளவு தூரம் போகலாம்?

எதிர்நீரோட்டத்தில் முதலில் போங்கள், திரும்பும்போது ஆறு உதவும். ஒரு மணி நேரம் எடுத்திருந்தால் முப்பத்தைந்தாவது நிமிடத்தில் படகைத் திருப்புவது சரியாக இருக்கும். நீரோட்டம் மெதுவாக இருந்தாலும் களைப்பு வந்துவிட்டிருக்கும். ஆற்றில் எப்போதும் படகு போகும் திசைக்கு வலப்பக்கம் உள்ள கரையை ஒட்டிப் போங்கள். சாலையில் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது குழப்பும். நீரில் விதி வலப்பக்கம்தான்.

கரையை ஒட்டி என்றாலும் மிக ஒட்டிப் போகாதீர்கள். விழுந்த செங்கட்டை (ரிவர் ரெட் கம் என்ற யூகலிப்டஸ்) மரங்கள் நீருக்கடியில் கிடக்கும். வெளியே ஒரு சாண் கிளை தெரிந்தால் உள்ளே முழு மரமே இருக்கும். வளைவுகளில் வெளிவளைவு ஆழம், உள்வளைவு மணல் தட்டும்.

நீச்சல் தெரியாது. வரலாமா?

வரலாம். இத்தகைய சிறு படகுகளில் போகும்போது உயிர்காப்பு உடுப்பு அணிந்திருக்க வேண்டும் என்பது விக்டோரியா மாநிலச் சட்டம், படகோடு அதையும் கொடுப்பார்கள். அளவு சரியா என்பதை ஒரே சோதனையில் பார்த்துவிடலாம்: வார்களை இறுக்கிய பிறகு இரு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். உடுப்பு காது வரை வந்தால் பெரிது, மாற்றுங்கள். குழந்தைகளுக்கு எடைக்கு ஏற்ற அளவு தனியாக உண்டு. ‘வளர்கிற பிள்ளை’ என்று பெரிதாகப் போடும் வழக்கம் பள்ளிச் சீருடையோடு நிற்கட்டும். புடவை கட்டியவர்கள் தலைப்பை இடுப்பில் செருகிவிட்டு மேலே உடுப்பைப் போடலாம். வேட்டியோடு கயாக் மட்டும் வேண்டாம்.

படகு கவிழ்ந்தால்?

துடுப்புப் படகு கவிழ்வது அரிது. கவிழ்வதெல்லாம் இருவர் ஒரே நேரத்தில் எழுந்து இடம் மாறும்போதோ, படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் சாயும்போதோதான். இடம் மாறியே ஆக வேண்டுமென்றால் படகைக் கரையோரம் கொண்டுவந்து, ஒருவர் பின் ஒருவராக, குனிந்தபடி மாறுங்கள்.

கவிழ்ந்துவிட்டால் படகை விடாதீர்கள். தலைகீழாகவும் அது மிதக்கும், தூரத்திலிருந்து தெரியும். முதல் ஒரு நிமிடம் எதையும் செய்யாமல் மூச்சைச் சீராக்குங்கள். குளிர்காலத்தில் ஆற்று நீர் 10 டிகிரி அளவில் இருக்கும். அந்தக் குளிர் தாக்கியதும் மூச்சு தானாக வேகமாக இழுக்கும், அந்த நேரத்தில் தண்ணீரை விழுங்குவதுதான் ஆபத்து. பிறகு படகைப் பிடித்தபடி காலை உதைத்துக் கரைக்கு வாருங்கள். கரை களிமண், வழுக்கும். வேர்களைப் பிடித்து ஏறுங்கள். செல்போனையும் செருப்பையும் துரத்திப் போக வேண்டாம். போனுக்கு நீர் புகாத பை, மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கயிறு: கிளம்பும் முன் இந்த இரண்டையும் செய்துவிட்டால் அந்தக் கவலையே இல்லை.

தண்ணீர் இவ்வளவு கலங்கலாக இருக்கிறதே, அசுத்தமா? குளிக்கலாமா?

நிறத்துக்குக் காரணம் அசுத்தம் அல்ல, மிக நுண்ணிய களிமண் துகள். மேற்பகுதியில் மரங்களை வெட்டி நிலமாக்கியதிலிருந்து கரைந்து வருவது, படியாமல் மிதந்துகொண்டே இருக்கும்.

கிருமி வேறு விஷயம், அது கண்ணுக்குத் தெரியாது. மழை பெய்தால் நகரத்துக் கால்வாய்களிலிருந்து நாய்க் கழிவு உட்பட எல்லாம் ஆற்றுக்கு வரும். பலத்த மழைக்குப் பின் இரண்டு நாளாவது நீரில் இறங்காமல் இருப்பது நல்லது. கையில் தெறித்தால் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். திறந்த காயம் இருந்தால் மூடிவிடுங்கள். படகு இல்லத்தருகே குளிக்க வேண்டாம்: படகுப் போக்குவரத்து ஒருபுறம், நீருக்கடியில் கட்டை ஒருபுறம்.

மரத்தில் தொங்குவது வௌவாலா? இவ்வளவா?

ஆமாம், பழந்தின்னி வௌவால். சாம்பல் தலை, கழுத்தைச் சுற்றிச் செம்பழுப்பு ரோமம், இறக்கை விரித்தால் ஒரு மீட்டர். முன்பு நகர மையத்துத் தாவரவியல் பூங்காவில் இருந்தவை. அங்கே மரங்கள் பாழாகின்றன என்று 2003-ல் ஒலியெழுப்பி விரட்டியதில் யாரா பெண்டில் வந்து குடியேறின. கோடையில் பல்லாயிரம் இருக்கும். பகலில் கத்தலும் சண்டையும். பொழுது சாய்ந்தபின் ஆற்றின் மேல் வரிசையாகப் பறந்து இரைதேடப் போகும். வெப்ப மாலைகளில் சில, வயிற்றை நீரில் நனைத்து, பறந்துபோய்க் கிளையில் தொங்கி அந்த ரோமத்தை நக்கும். தண்ணீர் குடிக்கும் முறையே அதுதான்.

42 டிகிரி தாண்டினால் இவை செத்து விழும். 2019 டிசம்பர் வெயிலில் இங்கே ஆயிரக்கணக்கில் இறந்தன. கீழே கிடக்கும் வௌவாலை, குட்டியானாலும், கையால் தொடாதீர்கள். வெறிநோய் வகையைச் சேர்ந்த லிஸ்ஸா வைரஸ் இருக்க வாய்ப்புண்டு. கடித்தாலோ கீறினாலோ பதினைந்து நிமிடமாவது சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தலைக்குமேல் பறந்து போவதால் ஒன்றும் ஆகாது, எச்சம் விழலாம், தொப்பி போடுங்கள்.

மற்றபடி கண்ணில் படுபவை: இறக்கையை விரித்துக் காயவைக்கும் பாம்புத்தாரா, நீர்க்காகம், கட்டைமேல் வெயில் காயும் நீள்கழுத்து ஆமை, கூகபரா. வாத்துகளுக்கு ரொட்டி போடாதீர்கள். வெயில் காலத்தில் புல் உயர்ந்த இடங்களில் புலிப்பாம்பு உண்டு. பாதையை விட்டு இறங்காமல் நடந்தால் போதும், அது உங்களைத் தேடி வராது.

ஆற்றின் மேல் ஆடுகிற பாலம் எது?

கேன்ஸ் பாலம். கம்பிவடத்தில் தொங்கும் நடைபாலம். முதலில் கட்டியதை 1934 டிசம்பர் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, 1935-ல் மறுபடி கட்டினார்கள். நடந்தால் ஆடும், அது பழுதல்ல, தொங்குபாலத்தின் இயல்பு. ஆனால் கூட்டமாக ஒரே தாளத்தில் குதித்து ஆட்டுவது எதிரே வரும் பெரியவர்களைக் கலங்கடிக்கும். சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

படகில் ஏறாதவர்களுக்கு என்ன இருக்கிறது?

நடை. பாலத்தைத் தாண்டி அக்கரைப் பாதையில் டைட்ஸ் அருவி வரை போய்த் திரும்பினால் நின்று நிதானமாக ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதல். பெரிய ஏற்ற இறக்கம் இல்லை, மழைக்குப் பின் சேறு. வழியில் டீப் ராக் என்ற பாறைச் சரிவுப் பகுதி வரும். 1918 மார்ச்சில் சாலமன் தீவுகளைச் சேர்ந்த அலிக் விக்கம் என்ற நீச்சல்காரர், பல்லாயிரம் பேர் கரையில் கூடிப் பார்த்திருக்க, இங்கே உயரத்திலிருந்து ஆற்றில் பாய்ந்தார். 205 அடி என்று அன்று அறிவித்தார்கள். அந்த அளவு உண்மையா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை, ஆள் பிழைத்து வந்தார் என்பதில் சந்தேகமில்லை. நீங்கள் முயற்சிக்க வேண்டாம்.

கோடையில் பெரிய செங்கட்டை மரங்களின் கீழே பாய் விரிக்காதீர்கள். காற்றே இல்லாத நாளிலும் முழுக்கிளை முறிந்து விழும்.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

உணவகம் இருக்கிறது. ஸ்கோன், ஜாம், கிரீம், தேநீர் என்ற பழைய ஆங்கிலச் சிற்றுண்டி இந்தப் படகு இல்லங்களின் மரபு. சைவமும் உண்டு, முட்டையும் சேர்க்காதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள், கேக் வகைகளில் இருக்கும். ஞாயிறு மதியம் இடம் கிடைப்பது கஷ்டம், முன்பதிவு செய்யலாம்.

கட்டுச்சோறு கொண்டுவந்து பூங்காவில் சாப்பிடலாம். சில பிக்னிக் இடங்களில் பொது மின்னடுப்புகள் உண்டு, இலவசம். ஒரே தகட்டில் எல்லோரும் இறைச்சி சுடுவார்கள் என்பதால் சைவக்காரர்கள் அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாக விரித்து அதன்மேல் தோசையோ பனீரோ போடுகிறார்கள். தகடு சூடேறப் பத்து நிமிடம் பிடிக்கும், மாவை அதற்குப் பிறகு ஊற்றுங்கள்.

கார் இல்லாமல் எப்படி வருவது?

நகரிலிருந்து டொன்காஸ்டர், புலீன் பக்கம் போகும் 200, 207 பேருந்துகள் ஸ்டட்லி பார்க் சாலை வழியாகப் போகின்றன. அங்கே இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் கீழிறங்கி நடக்க வேண்டும். திரும்பும்போது அதே தூரம் மேடு என்பதை நினைவில் வையுங்கள். ரயிலில் வந்தால் விக்டோரியா பார்க் நிலையம், அங்கிருந்து அரை மணி நேர நடை. மைக்கி என்ற பொதுப் போக்குவரத்துப் பயண அட்டையில் பணம் இருக்கட்டும், பேருந்தில் சீட்டு விற்பதில்லை.

காரில் வருபவர்களுக்கு வாகன நிறுத்தம் உண்டு. வெயிலடிக்கும் ஞாயிறு பதினொரு மணிக்குமேல் அது நிரம்பிவிடும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். முழங்கால் வலி. அழைத்து வரலாமா?

ஆற்றங்கரை, உணவகம் வரை தாராளமாக. படகுதான் யோசிக்க வேண்டியது. மேடையிலிருந்து படகுக்குள் ஓர் அடி, ஒன்றரை அடி இறக்கம் இருக்கும், அதுவும் ஆடும் தரையில். வீட்டில் கைப்பிடி இல்லாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறவர்களால் துணையோடு ஏற முடியும். முடியாதவர்களை வற்புறுத்த வேண்டாம். ஏறுவதைவிட இறங்குவது கடினம். ஏற்றும்போது பின்பலகையில் உட்காரவையுங்கள், ஒரு மெத்தைத் துண்டு கொண்டுவந்தால் நல்லது. ஜூலையில் வந்திருந்தால் குளிர் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்: வலிப்பவருக்கு வியர்க்கும்போது சும்மா உட்கார்ந்திருப்பவர் நடுங்குவார். குல்லாயும் போர்வையும் கட்டாயம்.

ஃபேர்ஃபீல்ட் படகு இல்லமும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது இதே ஆற்றில் மேலே, 1908-ஐச் சேர்ந்தது. ஒரு காலத்தில் இந்த வளைவுகளில் பல படகு இல்லங்கள் இருந்தன. எஞ்சியவற்றில் இவை இரண்டும்தான் எல்லோருக்கும் தெரிந்தவை. வௌவால்களைப் படகிலிருந்து பார்ப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் ஃபேர்ஃபீல்ட் அருகில்.

மீன் பிடிக்கலாமா?

விக்டோரியா மாநில மீன்பிடி உரிமம் வேண்டும், இணையத்தில் எடுக்கலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் 70 வயதானவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் தேவையில்லை. படகுத்துறை மேடையிலிருந்து தூண்டில் வீச வேண்டாம். கெண்டை மாட்டினால் ஆற்றில் திருப்பி விடக் கூடாது, அது இங்கே ஒழிக்கவேண்டிய வேற்றின மீன்.

சொந்தக் கயாக் கொண்டு வரலாமா?

துடுப்பு போடும் படகுக்கு இந்த மாநிலத்தில் ஓட்டுநர் உரிமமும் பதிவும் வேண்டாம். உயிர்காப்பு உடுப்பு மட்டும் கட்டாயம். வாடகைப் படகுகள் ஏறி இறங்கும் மேடையை அடைக்காமல், பூங்காவின் வேறு கரையோரங்களில் இறக்குங்கள். இறக்கும் முன் எப்படி ஏற்றுவீர்கள் என்று அந்தக் கரையைப் பாருங்கள். சேற்றுச் சரிவில் 25 கிலோ கயாக்கைத் தனியாளாக மேலே இழுப்பது லேசான வேலை அல்ல. முடித்ததும் வீட்டில் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள், ஓர் ஆற்றின் களைத்துண்டு அடுத்த ஆற்றுக்குப் போகாமல் இருக்க.